சாம்பல் கல்லும் இருபத்தொரு நாளும்



"இப்ப என்னப்பா பண்றே?" என்று கேட்பவர்களிடம், "மேட்டூர் பக்கம் சாம்பல் கல் போடறேன்" என்றால் முகம் ஒரு மாதிரி ஆகிவிடுகிறது. அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "சாம்பல்ல கட்டினா சுவர் நிக்குமா?" கேட்கிறவர் தன் வீட்டை ஃப்ளை ஆஷ் கலந்த பி.பி.சி. சிமெண்டில் கட்டியிருப்பார். அந்த மூட்டையில் நூற்றுக்கு 15 முதல் 35 பங்கு வரை அனல்மின் நிலையச் சாம்பல்தான்! அதை யாரும் கேட்பதில்லை.

நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் அதிகம். 100 கிலோ எரித்தால் 30 முதல் 45 கிலோ வரை மிஞ்சும். புகையோடு பறக்கிற மெல்லிய தூளை மின்சாரத்தால் இழுத்துப் பிடிக்கிறார்கள். எங்களுக்கு வேண்டியது அந்த உலர்ந்த தூள். அதில் 55, 60 பங்கு, கிரஷர் தூள் 30 பங்கு, மீதி சிமெண்ட். அளவாகத் தண்ணீர் விட்டுக் கலந்து பிரஸ்ஸில் அழுத்தினால் கல். சூளை கிடையாது, விறகு கிடையாது, வயலில் மேல்மண் வெட்ட வேண்டியதும் இல்லை.

இவ்வளவு சுலபம் என்று நினைத்துத்தான் 2016-ல் வங்கிக் கடனில் இறங்கினேன். முதல் பெரிய ஆர்டர் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வீடு. பணிக்கொடைப் பணத்தில் கட்டுகிறார். "கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறிச்சாச்சு, லோடு அனுப்பு" என்று காண்ட்ராக்டர் தினம் போன். எனக்கும் தவணை கட்ட வேண்டும். கல் போட்ட எட்டாம் நாளே லாரி ஏற்றிவிட்டேன்.

இரண்டு மாதத்தில் பூச்சு முழுக்க வலை பின்னியது போல விரிசல். ஓரிடத்தில் பூச்சைக் கொத்தி, உள்ளே இருந்த கல்லை மேஸ்திரி நகத்தால் கீறினார். மாவாக உதிர்ந்தது. "தம்பி, இது இன்னும் பச்சைக் கல்லுப்பா" என்றார்.

அவர் சொன்னது சரிதான். சிமெண்ட் இறுகும்போது சுண்ணாம்பு வெளிப்படுகிறது. சாம்பலில் உள்ள சிலிக்கா அந்தச் சுண்ணாம்போடு சேர்ந்துதான் கல்லுக்குப் பிடிப்பைத் தருகிறது. அது மெதுவாக நடக்கிற வேலை. 28 நாளுக்குப் பிறகும் தொடரும். ஆனால் ஈரம் வேண்டும். காய்ந்தால் அப்படியே நின்றுவிடும். அரைகுறையாக இறுகிய கல், சுவரில் ஏறிய பின் காய்ந்து சுருங்கும்; பூச்சையும் சேர்த்து இழுக்கும். சாம்பல்மீது பழி, குற்றம் என்னுடையது.

ஆசிரியர் என்னைத் திட்டவில்லை. "உங்க காலேஜ்ல இதெல்லாம் சொல்லித் தரலையாப்பா?" என்று மட்டும் கேட்டார். ஐயா, சொல்லித் தந்தார்கள். இதே கல்லூரியின் கான்கிரீட் லேபில் 7-ஆம் நாளும் 28-ஆம் நாளும் கியூப் நசுக்கச் சொன்னார்கள். 28-ஆம் நாள் கிரிக்கெட் மேட்ச். சீனியர் ரெக்கார்டைப் பார்த்து ரீடிங் எழுதியவன் நான். (முன் வரிசையில் சிலர் சிரிக்கிறீர்கள், உங்கள் ரெக்கார்டும் எனக்குத் தெரியும்.)

இரண்டு பக்கச் சுவரை என் செலவில் இடித்துக் கட்டிக் கொடுத்தேன். அம்மாவின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. மீட்க ஒன்றரை வருடம் ஆயிற்று. அந்த மேஸ்திரி ஊரெல்லாம் "சாம்பல் கல் வேண்டாம்" என்று சொன்னதில், எனக்கு மட்டுமல்ல, ஒழுங்காகக் கல் போட்ட பக்கத்துப் பட்டறைக்காரர்களுக்கும் வியாபாரம் படுத்தது. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

இப்போது ஒவ்வொரு அடுக்கிலும் பெயிண்டால் தேதி எழுதுகிறோம். 21 நாள் சாக்குப் போட்டுத் தண்ணீர் தெளிக்காமல் கல் வெளியே போகாது. கோடையில் தண்ணீர் லாரிக்குச் செலவாகிறது, அதையும் விலையில் சேர்த்துத்தான் கேட்கிறேன். வாங்குகிறவர்களும் ஒரு கல்லை 24 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து எடை போடுங்கள். வீட்டுச் சுவருக்கு வாங்கும் சாதாரண வகைக் கல் தன் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் நீர் குடிக்கக் கூடாது என்பது ஐ.எஸ். 12894 தரக்கணக்கு. விற்கிறவர் முகம் சுளித்தால் வேறு பட்டறை பாருங்கள்.

தம்பி தங்கைகளே, ப்ராஜெக்டுக்குக் கல் வேண்டுமென்றால் கேளுங்கள். 7, 14, 21, 28 நாள் கற்களைத் தேதி எழுதியே தருகிறேன். இங்கே நசுக்கிப் பார்த்து, ரீடிங்கில் ஒரு பிரதி எனக்கும் அனுப்புங்கள்.