வட்டக்கோட்டையிலிருந்து புலியூர்க்குறிச்சி வரை



கடலோரத்தில் ஐரோப்பியர் கை பட்ட கோட்டை என்றதும் இலங்கையின் காலியோ போர்த்துகலின் லிஸ்பனோதான் பலருக்கும் நினைவுக்கு வரும். கன்னியாகுமரியை அடுத்த எங்கள் கொட்டாரத்துக்காரர்களுக்கு அவ்வளவு தூரம் வேண்டாம். கிழக்கே நாலைந்து கிலோமீட்டர், லீபுரத்தைத் தொட்டுப் போனால் வட்டக்கோட்டை. அலை வந்து மோதும் மதில், உள்ளே குளம், மேலே ஏறினால் ஒரு பக்கம் நீலக்கடல், மறுபக்கம் மருத்துவாழ்மலையும் அதன் பின்னே மேற்குத் தொடர்ச்சி மலையும். கன்னியாகுமரியில் சூரிய உதயம் பார்த்த கூட்டம் காப்பி குடித்துவிட்டு அப்படியே ஊர் திரும்பிவிடுகிறதே என்று எனக்கு நெடுநாளாக ஆதங்கம்.

இந்த முறை என்னோடு வந்தவர் மயிலாடி நண்பர். மயிலாடி என்றால் தெரியுமே, கல்லுளிச் சத்தத்திலேயே விடிகிற ஊர். அவரும் பரம்பரையாகக் கல்வேலை செய்பவர். கடலை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேரே மதிலோடு போய் ஒட்டிக்கொண்டார். கருங்கல்லை உள்ளங்கையால் தடவி, "இங்க பாரும் வே, உளித் தடம் இன்னும் போகல்ல. உப்புக்காத்து இத்தனை வருசம் அடிச்சும் போகல்ல" என்றார். நானும் தொட்டேன். சாய்வாக, நெருக்கமாக, ஒரே சீரில் விழுந்த கொத்துகள். பெயர் தெரியாத யாரோ ஒருவர் வெயிலில் குந்தியிருந்து கொத்தியது. அதே மதிலில், இரண்டு எட்டு தள்ளி, யாரோ ஆணியால் தம் பெயரையும் காதலி பெயரையும் கீறி வைத்திருந்தார்கள். நண்பருக்கு முகம் வாடிவிட்டது. எனக்கும்தான். பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் முதலில் இதைச் சொல்லிக் கொடுங்கள்.

மதிலின் மேலே ஏறப் படிக்கட்டு மட்டும் அல்ல, சரிவுப் பாதையும் உண்டு. பீரங்கியை உருட்டி ஏற்ற வேண்டுமே. கோட்டைக்குள் கல்லில் செதுக்கிய மீன் உருவங்களைப் பாண்டியர் சின்னம் என்பார்கள். இப்போது நாம் காணும் உறுதியான வடிவம் 18ஆம் நூற்றாண்டில், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் காலத்தில் டி லனாய் கொடுத்தது.

யார் இந்த டி லனாய்? அதற்குக் குளச்சல் போக வேண்டும். நல்லமிளகு வியாபாரத்தைத் தன் கைக்குள் வைத்துக்கொள்ள நினைத்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இலங்கையிலிருந்து குளச்சலுக்குப் படை அனுப்பியது. 1741 ஆகஸ்டில் அந்தப் படை மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றுச் சரணடைந்தது. ஆசிய மன்னர் ஒருவரிடம் ஐரோப்பியப் படை அப்படித் தோற்றது அந்தக் காலத்தில் பெரிய சேதி. வெற்றித்தூண் இன்றும் கடற்கரைப் பக்கம் நிற்கிறது. நாங்கள் போனபோது நல்ல வெயில். தூணைப் பார்த்தோம், வழியில் பனையோலைப் பட்டையில் பதனி குடித்தோம், தக்கலைக்குக் கிளம்பிவிட்டோம்.

பிடிபட்ட தளபதி யூஸ்டேசியஸ் டி லனாயை மன்னர் சிறையிலேயே வைத்திருக்கவில்லை. தம் படையைப் பழக்கச் சொன்னார். கோட்டை கட்ட வைத்தார், பீரங்கி வார்க்க வைத்தார். எதிரியாக வந்தவர் வலிய கப்பித்தான், அதாவது பெரிய தளபதி, ஆனார். நட்டாலத்து நீலகண்ட பிள்ளை கிறித்தவராகித் தேவசகாயம் ஆனதற்கும் இவருடைய நட்பே காரணம். அந்தத் தேவசகாயத்தைத்தான் 2022 மே மாதம் வாடிகனில் புனிதராக அறிவித்தார்கள்.

தக்கலைக்குப் பக்கம் புலியூர்க்குறிச்சியில், நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது உதயகிரிக் கோட்டை. ஒரு குன்றையே மதில் வளைத்திருக்கிறது. இப்போது உள்ளே வனத்துறையின் பூங்கா. மரநிழலில் நடந்து போனால் கூரை இல்லாத பழைய தேவாலயச் சுவர்கள் வரும். அங்கேதான் டி லனாயின் கல்லறை, பக்கத்தில் மனைவி, மகன் கல்லறைகள். மகன் களக்காட்டுப் போரில் இறந்தவர். தந்தை இறந்தது 1777 ஜூன் 1ஆம் நாள். குளச்சலில் கரை இறங்கியவர், முப்பத்தைந்து ஆண்டு கழித்தும் ஊர் திரும்பவில்லை.

கல்லறைக் கல்லில் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறது. நண்பர் முட்டி போட்டு உட்கார்ந்து எழுத்தின் குழிவில் விரல் வைத்துப் பார்த்தார். "இந்த லத்தீனைக் கொத்துனவருக்கு அதுல ஒரு எழுத்தாவது தெரிஞ்சிருக்குமா? வரைஞ்சு குடுத்ததைப் பாத்துத்தான் கொத்தியிருப்பாரு. தமிழ் வரும்போது கைக்கு எவ்வளவு ஆறுதலா இருந்திருக்கும்!" என்றார். எனக்கு இது தோன்றவே இல்லை. உளி பிடித்த கைக்குத்தான் தோன்றும். அதன் பிறகு தமிழ் வரிகளை எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தோம். பழைய எழுத்து, அவசரப்பட்டால் பிடிபடாது. பூங்கா மூடும் நேரம் என்று காவலர் வந்து சொல்லும்வரை அங்கேயே இருந்தோம்.

நீங்களும் போவதாக இருந்தால் காலையில் வட்டக்கோட்டையில் தொடங்குங்கள். வெயில் ஏறிவிட்டால் மதில்மேல் நிற்க முடியாது. உதயகிரிக்கு மதியத்துக்கு முன்பே வந்துவிட்டால் பக்கத்திலேயே பத்மநாபபுரம் அரண்மனையையும் பார்த்துவிடலாம். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், அன்று அரண்மனைக்கு விடுமுறை.