இணைப்பு அறுந்த கணிப்பொறி



போர்ட் கொச்சிக்கும் வைப்பின் தீவுக்கும் இடையே கப்பல் நுழையும் காட்சி கொச்சித் தமிழருக்குப் புதிதன்று. 1928 ஆம் ஆண்டு முதல் பெருங்கடற் கப்பல்கள் இவ்வாயில் வழியே உள்துறைமுகம் வருகின்றன. கப்பல் தலைவர் எத்துணைத் தேர்ந்தவராயினும், துறைமுகப் பைலட் ஏறி வழிகாட்டிய பின்னரே உள்ளே வருவார். ஆழமும் மணல்திட்டும் அறிந்தவர் பைலட் அல்லவா?

கணிப்பொறியிலும் அத்தகைய பைலட் உண்டு. இயங்குதளம் கப்பல் தலைவர். இணைய அட்டை கால்வாய். இரண்டையும் இணைத்துவைக்கும் டிரைவர் என்னும் மென்பொருளே பைலட். இயங்குதளத்தைப் புதுப்பித்த மறுநாள் இணையம் வரவில்லையெனில், கால்வாய் தூர்ந்துவிட்டதென்று கலங்க வேண்டா. பெரும்பாலும் புதிய தலைவரின் மொழி பழைய பைலட்டுக்கு விளங்கவில்லை, அவ்வளவே.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு முடிவுற்றது. அதனையொட்டிச் சிலர் விண்டோஸ் 11க்கும் சிலர் லினக்ஸுக்கும் மாறினர். கேரளப் பள்ளிப் பிள்ளைகளுக்கு லினக்ஸ் பழகிய பொருள். 2001 இல் தொடங்கி 2017 இல் கைட் நிறுவனமாக மாறிய அரசுத் திட்டம் அதனை வகுப்பறைக்குக் கொண்டுவந்தது. பிள்ளை பள்ளியில் பயில்வதை வீட்டிலும் நிறுவ விரும்புவது இயல்பே. ஆனால் ஊரிலுள்ள பெற்றோரின் முகங்காண்பதற்கும் பணம் அனுப்புவதற்கும் அந்த ஒரு கணிப்பொறியையே நம்பியிருக்கும் குடும்பத்துக்கு, இணைப்பு அறுவது சிறு தொல்லையன்று. "அட்டை போயிற்று, புதிது வாங்குங்கள்" என்னும் அறிவுரைக்கு அவசரப்பட்டுப் பணம் கொடுப்பவர் பலர்.

முதலில் அட்டை கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார்ப்போம். லினக்ஸில் எல்எஸ்பிசிஐ என்னும் கட்டளையை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் இட்டால், உள்ளே பொருந்திய அட்டைகளின் பட்டியல் வரும். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறக்கலாம். பெயர் தோன்றினால் அட்டைக்கு உயிர் உண்டு. மஞ்சள் முக்கோணம் டிரைவரில் குறை என்பதற்கே பெரும்பாலும் அடையாளம். அட்டையின் அடையாள எண்ணையும் குறித்துக்கொள்க. அது 10இசி என்று தொடங்கினால் ரியல்டெக். 14இ4 எனில் பிராட்காம். 8086 எனில் இன்டெல். இந்த 8086, அந்நிறுவனம் 1978 இல் வெளியிட்ட புகழ்பெற்ற சில்லின் பெயர், எண்ணிலும் குலப்பெருமை! பெட்டியின்மீது அச்சிட்ட பெயரைவிட இவ்வெண்ணே தக்க டிரைவரைத் தேடித் தரும்.

லினக்ஸில் இன்னொரு நல்ல சோதனை உண்டு. கணிப்பொறி தொடங்கும்போது தோன்றும் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுப்பதே அது. அதில் இணையம் வந்துவிட்டால் வழக்கு முடிந்தது: குற்றவாளி அட்டையன்று. தனியாக நிறுவிய டிரைவர் ஒரு கெர்னலுக்கென்றே தொகுக்கப்படுவது. கெர்னல் மாறினால் மீண்டும் தொகுக்க வேண்டும். டிகேஎம்எஸ் என்னும் ஏற்பாடு இவ்வேலையைத் தானே செய்யும். அப்படித் தொகுத்தும் இயங்கவில்லையெனில், கையொப்பமில்லாத டிரைவரைச் செக்யூர் பூட் தடுக்கிறதா என்று பார்த்தல் வேண்டும்.

டிரைவரைப் பெற இணையம் வேண்டும்; இணையம் பெற டிரைவர் வேண்டும். எண்ணெய் தேட விளக்கும், விளக்கேற்ற எண்ணெயும் வேண்டிய கதை! இதற்குக் கைப்பேசியே துணை. ஆண்ட்ராய்டுக் கைப்பேசியை யுஎஸ்பி கம்பியால் இணைத்து டெதரிங் வசதியை இயக்கினால், பெரும்பாலும் வேறு டிரைவரின்றியே இணையம் கிடைக்கும்.

புதுப்பிக்கும் முன்னரே டிரைவரை ஒரு பென் டிரைவில் எடுத்துவைப்போர்க்கு இத்தொல்லையும் இல்லை. விண்டோஸ் 11க்கு மேம்படுத்தியோர் பழைய நிலைக்குத் திரும்பப் பொதுவாகப் பத்து நாள்களே தவணை. ஆகவே இச்சோதனைகளை முதல் வாரத்திலேயே செய்துவிடுதல் நன்று.