கேஸ் கட்டு யார் கையில்?



இந்தக் கருத்தரங்குக்குத் தலைமை தாங்க வேண்டும் என்று கேட்டபோது மகிழ்ச்சியோடு கொஞ்சம் பயமும் வந்தது. எதிரே அமர்ந்திருப்பவர்களில் பாதிப் பேரோடு நான் எழுத்தில் மல்லுக்கு நின்றிருக்கிறேன். மீதிப் பேர் என்னோடு நின்றிருக்கிறார்கள். ஆகவே நடுநிலையான உரையை யாரும் எதிர்பார்த்து வந்திருக்க மாட்டீர்கள் என்ற தைரியத்தில் தொடங்குகிறேன்.

சட்ட மாணவர்களின் தன்னார்வச் சட்ட உதவி, அதன் வளர்ச்சியும் வாய்ப்புகளும் என்பது நமக்குத் தரப்பட்ட பொருள். வளர்ச்சியை நான் விரித்துரைக்கத் தேவையில்லை. 1973-இன் கிருஷ்ணய்யர் குழு அறிக்கை, 1976-இல் அரசியலமைப்பில் சேர்ந்த 39அ, 1987-இல் இயற்றப்பட்டு 1995 நவம்பர் 9-இல் நடைமுறைக்கு வந்த சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம், பார் கவுன்சிலின் 2008 சட்டக் கல்வி விதிகள், 2011-இன் சட்ட உதவி மைய ஒழுங்குமுறைகள்: இந்த வரிசை இங்குள்ள இளைய மாணவருக்கும் மனப்பாடம். வாய்ப்புகளைப் பற்றி அடுத்தடுத்த அமர்வுகளில் என்னைவிடத் தெரிந்தவர்கள் பேசுவார்கள். நான் பேச விரும்புவது, நம் கட்டுரைகளில் இடமே கிடைக்காத ஒரு தீர்ப்பைப் பற்றி.

மகாராஷ்டிர மாநிலம் எதிர் மனுபாய் பிராகாஜி வஷி. உச்ச நீதிமன்றம், 1995. மற்றத் துறைகளின் தனியார் கல்லூரிகளுக்கு மானியம் தந்த அரசு, அங்கீகாரம் பெற்ற தனியார் சட்டக் கல்லூரிகளுக்கு மட்டும் தர மறுத்தது. அது பாரபட்சம் என்ற அளவில் நீதிமன்றம் நின்றிருக்கலாம். நிற்கவில்லை. உறுப்பு 21-ஐயும் 39அ-வையும் சேர்த்துப் படித்து, ஏழைக்குச் சட்ட உதவி தரும் கடமையிலேயே நல்ல வழக்கறிஞர்களை உருவாக்கும் கல்லூரிக்குப் பணம் தரும் கடமையும் அடக்கம் என்றது. நம் துறையினர் இதை மானிய வழக்கு என்று நிதிப் பிரிவில் போட்டுவிட்டார்கள். சட்ட உதவி வரலாறு எழுதுபவர்கள் 1979-இன் ஹுசைனாரா காத்தூனில் தொடங்கி, 1986-இன் சுக் தாஸில் இளைப்பாறி, நேராக 2011-க்குத் தாவுகிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆய்விதழில் இதை நான் சுட்டிக்காட்டியபோது, "ஆசிரியர் சம்பளப் பிரச்சினைக்கு அரசியலமைப்பு முலாம்" என்று ஒரு நண்பர் மறுத்து எழுதினார். அவர் இங்கே வந்திருக்கிறார். அவருக்கு என் பதில்: ஆமாம், ஆசிரியர் சம்பளப் பிரச்சினைதான். அதனால்தான் அது சட்ட உதவிப் பிரச்சினை.

எப்படி என்று சொல்கிறேன். 2008 விதிகளின்படி ஒவ்வொரு சட்டக் கல்லூரியும் மூத்த ஆசிரியர் ஒருவரின் மேற்பார்வையில் சட்ட உதவி மையம் நடத்த வேண்டும். அந்த மூத்த ஆசிரியர் முழுநேரச் சம்பளக்காரர். பார் கவுன்சில் விதிப்படியே அவர் வழக்காடக் கூடாது. 1979-இன் விதிகள் வழக்கறிஞர் நாளைக்கு மூன்று மணி நேரம் வரை பாடம் எடுக்க இடம் தருகின்றன. ஆசிரியர் நீதிமன்றம் போக வழி இல்லை. மாணவரோ இன்னும் பதிவே செய்யாதவர். ஆக, மையத்துக்குள் வக்காலத்து போடத் தகுதியுள்ளவர் ஒருவரும் இல்லை. விளைவு நமக்குத் தெரியும்: கிராமத்தில் முகாம், ஒரு பேனர், நாலு புகைப்படம், பல்கலைக்கழகத்துக்கு ஓர் அறிக்கை. பட்டா மாறுதலுக்காக மனு எழுதி வாங்கிய மூதாட்டி மறுமாதம் வரும்போது மாணவர்கள் பருவத் தேர்வில் இருக்கிறார்கள். கேஸ் கட்டு யார் கையில் இருக்கிறது என்று அவருக்குச் சொல்ல ஆள் இல்லை.

இதற்கு இரண்டு மருந்துகள் சொல்லப்படுகின்றன. இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை.

முதலாவது, மாணவருக்குக் கறுப்புக் கோட்டு. வழக்கறிஞர் சட்டத்தின் 32-ஆம் பிரிவு, பதிவு செய்யாதவரையும் குறிப்பிட்ட வழக்கில் வாதாட அனுமதிக்கும் அதிகாரத்தை நீதிமன்றத்துக்குத் தருகிறது. அதை மாணவர்களுக்குத் தாராளமாகத் திறந்துவிட வேண்டும் என்பது இந்தக் கட்சி. அமெரிக்காவில் 1972-இன் ஆர்கர்சிங்கர் வழக்கில் நீதிபதி பிரென்னன் சட்ட மாணவர்களின் பங்களிப்பைச் சுட்டிக்காட்டியதையும் துணைக்கு அழைக்கிறார்கள். அமெரிக்க மாணவரின் பின்னால் வழக்காடும் உரிமையுள்ள ஆசிரியர் ஒருவர் நிற்கிறார் என்பதை மட்டும் விட்டுவிடுகிறார்கள். அந்த ஆசிரியர் இல்லாமல் இறக்குமதி செய்தால், இன்று அநாதையாகும் மனுவுக்குப் பதிலாக நாளை வழக்கே அநாதையாகும்.

இரண்டாவது, மணிக்கணக்கு. நியூயார்க்கில் தலைமை நீதிபதி லிப்மேன் 2012-இல் அறிவித்த விதிப்படி, வழக்கறிஞராகப் பதிவு பெற 50 மணி நேர இலவசச் சட்டப்பணி கட்டாயம். நம்மிடமும் அதைக் கேட்பவர்கள் உண்டு. மணி என்பது மாணவர் செலவழித்ததை அளக்கிறது. கட்சிக்காரருக்குக் கிடைத்ததை அளப்பதில்லை. ரெக்கார்டு நோட்டு எழுதிப் பழகிய நம் மாணவர் 50 மணியையும் இரண்டே இரவில் எழுதி முடித்துவிடுவார்.

மாணவரால் என்னதான் ஆகும் என்று கேட்கலாம். நிறைய ஆகும். ஹுசைனாரா வழக்கின் அடிப்படையை நினைத்துப் பாருங்கள். பீகார் சிறைகளில் விசாரணைக் கைதிகள் குற்றத்துக்குரிய உச்சத் தண்டனையையும் தாண்டி அடைந்துகிடந்தார்கள். நாளிதழ் கட்டுரைகளில் அதைப் படித்த வழக்கறிஞர் கபிலா ஹிங்கோரானி உச்ச நீதிமன்றம் போனார். அந்த வழக்கின் முதல் ஆதாரம் நாள் கணக்கு. இன்றும் அதே வேலை காத்திருக்கிறது. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ஆம் பிரிவின்படி, முன்பு எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாதவர் உச்சத் தண்டனையின் மூன்றில் ஒரு பங்கையும், மற்றவர் பாதியையும் சிறையில் கழித்திருந்தால் ஜாமீன். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கு இல்லை. வேறு வழக்கு நிலுவையில் இருந்தாலும் இல்லை. யாருக்குப் பொருந்தும், எந்தத் தேதியில் பொருந்தும் என்று ரிமாண்டு ஆவணங்களைப் பார்த்துக் கணக்கிட வக்காலத்து வேண்டாம். பொறுமையும், தப்பைத் திருத்த ஓர் ஆசிரியரும் போதும். தேசியச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் தன்னார்வலர் திட்டம் சட்ட மாணவர்களை, அவர்கள் வழக்கறிஞராகப் பதிவு செய்யும்வரை, சேர்த்துக்கொள்கிறது. கதவு திறந்துதான் இருக்கிறது.

ஆனால் கணக்கு முடிந்த பிறகு அதை நீதிமன்றத்தில் வைக்க ஒருவர் வேண்டும். மாணவர் வருவார், போவார். ஐந்தாண்டும் பத்தாண்டும் இருப்பவர் ஆசிரியர். ஆக்ரா காப்பகத்துப் பெண்களின் நிலை குறித்து 1981-இல் உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதிய உபேந்திர பக்ஷியும் லோதிகா சர்க்காரும் டெல்லிப் பல்கலைக்கழகச் சட்ட ஆசிரியர்கள். அந்தக் கடிதமே மனுவாக ஏற்கப்பட்டது. சட்ட உதவியில் ஆசிரியரால் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு நம் கையில் இருக்கும் சான்று அது. ஆசிரியருக்கு அந்த வேலையை மறுத்துக்கொண்டே மாணவரைச் சேவைக்கு அழைப்பது, கடமையை அரசின் தோளிலிருந்து இருபது வயதுப் பிள்ளையின் தோளுக்கு மாற்றுவது. மனுபாய் வஷி தீர்ப்பு அதற்கு இடம் தரவில்லை என்பதே என் வாதம்.

எனவே கருத்தரங்கின் நிறைவில் நான்கு தீர்மானங்களை எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன். சட்ட உதவி மையப் பொறுப்பாசிரியர், மைய வழக்குகளில் மட்டும், கட்டணம் இன்றி வழக்காடப் பார் கவுன்சில் விதி திருத்தப்பட வேண்டும். அந்த வேலை அவருடைய வாராந்திரப் பாடவேளைக் கணக்கில் சேர வேண்டும். அந்தப் பொறுப்பில் நிரந்தர ஆசிரியர் இருக்க வேண்டும், கௌரவ விரிவுரையாளரை வைத்துச் சமாளிக்கக் கூடாது. மையத்தின் ஆண்டறிக்கை நடத்திய முகாம்களை எண்ணாமல், முடிந்த மனுக்களையும் கைமாறிய மனுக்களையும் எண்ண வேண்டும்.

முலாம் பூசியதாகச் சொன்ன நண்பர் முதல் அமர்வில் பேசுகிறார். அவர் மறுக்கட்டும், ஆனால் இந்த முறை தீர்ப்பை முழுவதும் படித்துவிட்டு மறுக்கட்டும். கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.