டி சிகா: பிரிக்க இயலாத இரு முகங்கள்



இத்தாலியத் திரைப்பட இயக்குநர் விட்டோரியோ டி சிகாவைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அவரை இரண்டாகப் பிரித்துவிடுகிறார்கள். ஒருவர், ‘சைக்கிள் திருடர்கள்’, ‘உம்பர்த்தோ டி’ ஆகிய படங்களைத் தந்து உலகத் திரைப்படத்தின் போக்கையே மாற்றிய கலைஞர். மற்றவர், சோபியா லோரனை நடிக்க வைத்து நகைச்சுவைப் படங்கள் எடுத்தவர். நூற்றுக்கு மேற்பட்ட படங்களில் நடித்தவர். சூதாட்ட மேசையில் இழந்ததை ஈடுகட்டக் கிடைத்த வேடங்களையெல்லாம் ஏற்றவர். முதலாமவரைப் போற்றுவதும் இரண்டாமவரை மன்னித்துவிடுவதும் திறனாய்வாளர்களின் வழக்கம். இந்தப் பிரிவினை வசதியானது. ஆனால் அவருடைய வாழ்வையும் படைப்புகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் அது நிற்பதில்லை. மக்களை மகிழ்விக்கத் தெரிந்த கையே அந்த மகத்தான படங்களையும் செய்தது என்பதே இவ்வுரையின் கருத்து.

டி சிகா 1901-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் நாள் ரோமுக்குத் தென்கிழக்கே உள்ள சோரா என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை உம்பர்த்தோ ஒரு வங்கி எழுத்தர். குடும்பம் நேப்பிள்சுக்குக் குடிபெயர்ந்தது. வறுமையிலும் பகட்டை விடாத அந்த நகரத்தின் இயல்பு அவருடைய கலையில் இறுதிவரை நின்றது. கணக்கியல் படித்த இளைஞர் 1923-இல் நாடகக் குழுவொன்றில் சேர்ந்தார். 1932-இல் மாரியோ கமெரினி இயக்கிய காதல் நகைச்சுவைப் படமொன்றில் நடித்து, அதில் பாடிய பாட்டினால் நாடெங்கும் அறியப்பட்டார். முப்பதுகளின் இத்தாலியில் அவர் பெண்கள் விரும்பும் கதாநாயகன், பாடும் நடிகர், இசைத்தட்டுகளின் குரல். பின்னாளில் ஏழைத் தொழிலாளியின் துயரத்தைப் படமாக்கப் போகிறவர் இவர்தாம் என்று அன்று எவரும் எண்ணியிருக்க முடியாது.

1940-இல் இயக்கத் தொடங்கினார். முதற் படங்கள் மெல்லிய நகைச்சுவைகள். ‘குழந்தைகள் நம்மைப் பார்க்கிறார்கள்’ என்ற படம் போர்க்காலத்தில் உருவானது. தாய் வேறொருவருடன் சென்றுவிட, உடைந்து போகும் குடும்பத்தை ஒரு சிறுவனின் கண்வழியே அது காட்டியது. எழுத்தாளர் செசாரே சவாட்டினியுடன் அவர் கொண்ட நீண்ட கூட்டுறவு இக்காலத்தில் வேரூன்றியது. சவாட்டினி கொள்கையாளர், அன்றாட வாழ்வே போதிய கதை என்று வாதிட்டவர். டி சிகா நடிகர். ஒரு முகம் எந்தக் கணத்தில் தன்னைக் காட்டிக்கொடுக்கும் என்பதை அறிந்தவர். ஒருவரின் சிந்தனை மற்றவரின் கையில் உயிர் பெற்றது.

1943-44-இல் ஜெர்மானியப் படைகள் ரோமைப் பிடித்திருந்த நாட்களில், வத்திக்கான் சார்ந்த ஆதரவோடு ‘சொர்க்கத்தின் வாயில்’ என்ற படத்தை அவர் எடுத்துக்கொண்டிருந்தார். வடக்கே பாசிசக் குடியரசின் படத்தொழிலுக்குப் போகாமல் தப்புவதற்கு அந்தப் படமே அவருக்குக் காரணமாயிற்று. புனித பவுல் பேராலயத்தில் படப்பிடிப்பு நடந்தது. துணை நடிகர்கள் என்ற பெயரில் தேடப்பட்டவர் பலர் அங்கே அடைக்கலம் பெற்றனர். நேச நாட்டுப் படைகள் 1944 ஜூன் மாதம் நகருக்குள் வரும்வரை படப்பிடிப்பு வேண்டுமென்றே நீட்டிக்கப்பட்டது.

போருக்குப் பின் வந்தது ‘ஷூஷைன்’ (1946). அமெரிக்கப் படைவீரரின் காலணிகளுக்கு மெருகிடும் இரு சிறுவர்கள் ஒரு குதிரை வாங்க ஆசைப்படுகிறார்கள். சிறையில் அந்த நட்பு நஞ்சாகிறது. இத்தாலியில் படம் ஓடவில்லை. அமெரிக்காவில் ஆஸ்கார் அமைப்பு அதற்குச் சிறப்பு விருது அளித்தது. அடுத்து ‘சைக்கிள் திருடர்கள்’ (1948). கேரி கிராண்டைக் கதாநாயகனாக்கினால் பணம் தருவதாக அமெரிக்கத் தயாரிப்பாளர் செல்ஸ்னிக் முன்வந்தார். டி சிகா மறுத்துவிட்டு, லம்பெர்த்தோ மஜ்ஜொரானி என்ற ஆலைத் தொழிலாளியைத் தேர்ந்தெடுத்தார். சிறுவன் என்சோ ஸ்தயோலா படப்பிடிப்பை வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தில் கண்டெடுக்கப்பட்டவன். சுவரொட்டி ஒட்டும் வேலைக்கு இன்றியமையாத சைக்கிளைப் பறிகொடுத்த தந்தை, மகனோடு ரோம் நகரத் தெருக்களில் அதைத் தேடி அலைகிறார். இறுதியில் தாமே ஒரு சைக்கிளைத் திருட முயன்று பிடிபடுகிறார். மகன் அதைப் பார்த்துவிடுகிறான். அவன் ஒன்றும் சொல்வதில்லை. தந்தையின் கையைப் பற்றிக்கொள்கிறான்.

இத்தகைய படங்களில் நடிப்பு இல்லை, வாழ்க்கை மட்டுமே உள்ளது என்று சொல்வதுண்டு. உண்மை வேறு. நடித்தறியாத மனிதர்களுக்கு ஒவ்வோர் அசைவையும் டி சிகா தாமே நடித்துக் காட்டினார். நாடக மேடையில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பழகிய உடல், ஒரு தொழிலாளியின் தோளுக்கும் ஒரு சிறுவனின் நடைக்கும் தன்னைக் கடன் கொடுத்தது. கதாநாயகனாகப் புகழ்பெற்ற அந்த நடிகர் இல்லையெனில் ‘நடிப்பே இல்லாத’ அந்தப் படமும் இல்லை.

1952-இல் இந்தியாவின் முதல் அனைத்துலகத் திரைப்பட விழா பம்பாயில் தொடங்கிச் சென்னை, தில்லி, கல்கத்தா நகரங்களுக்கும் சென்றபோது ‘சைக்கிள் திருடர்கள்’ அதில் இடம்பெற்றது. பிமல் ராயின் ‘தோ பீகா ஜமீன்’ (1953) அதன் நேரடித் தாக்கத்தில் பிறந்தது. அதற்கு முன்பே, 1950-இல் லண்டனில் அப்படத்தைப் பார்த்த சத்யஜித் ராய் எத்தகைய படம் எடுக்க வேண்டும் என்று உறுதிகொண்டார்.

‘உம்பர்த்தோ டி’ (1952) படத்தைத் தம் தந்தைக்குக் காணிக்கையாக்கினார் டி சிகா. ஓய்வூதியம் போதாமல் வாடகை கட்ட இயலாத முதியவர், அவருடைய நாய், அந்த வீட்டுப் பணிப்பெண்: இவ்வளவே கதை. முதியவராக நடித்த கார்லோ பத்திஸ்தி மொழியியல் பேராசிரியர். பணிப்பெண் காலையில் எழுகிறாள், சுவரில் ஊரும் எறும்புகளை நீரூற்றி விரட்டுகிறாள், காப்பி அரைக்கிறாள், உட்கார்ந்தபடியே காலை நீட்டிக் கதவைச் சாத்துகிறாள், கருவுற்ற தன் வயிற்றை எண்ணிக் கண்ணீர் சிந்துகிறாள். கதை நகராத இந்தச் சில நிமிடங்கள் உலகத் திரைப்படத்தின் உயர்ந்த கவிதைகளுள் ஒன்று. படம் தோற்றது. கலைத்துறைப் பொறுப்பிலிருந்த அரசுச் செயலர் ஜூலியோ ஆந்திரேயோத்தி, டி சிகா தாய்நாட்டைத் தவறான ஒளியில் காட்டுவதாகப் பகிரங்கக் கடிதம் எழுதினார். அரசின் வெறுப்பு ஒருபுறம்; வராத பார்வையாளர் மறுபுறம்.

டி சிகாவின் ‘வீழ்ச்சி’ இங்கிருந்துதான் தொடங்குவதாகச் சொல்வார்கள். ஆனால் நடிகராக அவர் ஈட்டியதே இயக்குநராக அவர் இழந்ததை ஈடுசெய்தது என்பதை மறக்கலாகாது. கொமென்சினியின் ‘ரொட்டி, காதல், கனவு’ (1953) படத்தில் மலையூர்க் காவல் அதிகாரியாக நாட்டையே சிரிக்கவைத்தார். தாமே இயக்கிய ‘நேப்பிள்சின் தங்கம்’ (1954) படத்தில், சூதாட மனைவி தடைவிதித்த ஒரு பிரபுவாக வருகிறார். வாயில் காப்போனின் சிறு மகனை வலுக்கட்டாயமாக உட்காரவைத்துச் சீட்டாடுகிறார். ஆட்டத்துக்கு ஆட்டம் தோற்கிறார். சிறுவனுக்கோ தெருவில் விளையாடப் போகவேண்டும். தம் சொந்தப் பலவீனத்தை இவ்வளவு கூசாமல், இவ்வளவு சிரிப்போடு அரங்கேற்றிய கலைஞர் அரியர். ரொசெல்லினியின் ‘ஜெனரல் தெல்லா ரோவெரே’ (1959) படத்தில் சூதாடியும் ஏமாற்றுக்காரனுமான ஒருவன், தான் ஏற்ற வீரனின் வேடத்துக்கு உண்மையாக நின்று உயிர்விடுகிறான். அந்த வேடத்தைப் புனைவென்று மட்டும் கொள்ள இயலவில்லை.

மொராவியாவின் நாவலைத் தழுவிய ‘இரு பெண்கள்’ (1960) சோபியா லோரனுக்கு ஆஸ்கார் பெற்றுத் தந்தது. ஆங்கிலமல்லாத மொழிப் படமொன்றின் நடிப்புக்கு அவ்விருது கிடைத்தது அதுவே முதன்முறை. ‘நேற்று, இன்று, நாளை’ (1963) படத்தின் முதற் கதையில் நேப்பிள்ஸ் தெருவில் கள்ளச் சிகரெட் விற்கும் பெண், கர்ப்பிணியைச் சிறையிலிடலாகாது என்ற சட்டத்தைப் பற்றிக்கொண்டு பிள்ளைமேல் பிள்ளையாகப் பெறுகிறாள். அரங்கம் அதிரச் சிரிக்கிறது. ஆனால் வேலையின்மை, காவல், சட்டம், தெருவின் ஒற்றுமை எல்லாம் அதே டி சிகாவின் உலகம். சைக்கிள் தொலைந்த வீடும் சிகரெட் விற்ற வீடும் ஒரே தெருவில் இருப்பவை. அறுபதுகளில் அவர் எடுத்தவற்றுள் சோர்வான படங்களும் உண்டு; அவற்றைப் பாராட்ட வேண்டியதில்லை. எனினும் பிறகு வந்த ‘ஃபின்சி கொந்தினி குடும்பத்தின் தோட்டம்’ (1970), ஃபெராரா நகர யூதர்கள் இனவெறிச் சட்டங்களால் சிறிதுசிறிதாக ஒதுக்கப்பட்டு இறுதியில் கொண்டுசெல்லப்படுவதைக் காட்டி, பெர்லினில் தங்கக் கரடி விருதையும் அவருக்கு நான்காம் ஆஸ்காரையும் தேடித்தந்தது. சவாட்டினியுடன் இணைந்த ‘சிறு விடுமுறை’ (1973) நோயுற்ற ஓர் ஆலைப் பெண்தொழிலாளியின் கதை. எழுபது கடந்தும் அவர் பார்வை தொழிலாளியிடமே திரும்பிற்று. 1974 நவம்பர் 13-ஆம் நாள் பாரிசு அருகே காலமானார்.

அவ்வாண்டு வெளிவந்த எத்தோரே ஸ்கோலாவின் ‘நாம் எவ்வளவு நேசித்தோம்’ என்ற படம் டி சிகாவுக்குக் காணிக்கையாக்கப்பட்டது. அதில் ‘சைக்கிள் திருடர்கள்’ படத்துக்காக வாதிட்டு வேலையை இழந்த ஆசிரியர் ஒருவர் தொலைக்காட்சி வினாவிடைப் போட்டிக்கு வருகிறார். அந்தச் சிறுவன் ஏன் அழுதான் என்பது வினா. சட்டைப் பையில் சிகரெட் துண்டுகளைப் போட்டுவிட்டுப் பொறுக்கியவன் என்று கேலி செய்து டி சிகா அவனை அழவைத்தார் என்கிறார் ஆசிரியர். கதைப்படி தந்தை பிடிபட்டதால் அழுதான் என்பதே நடுவர் எதிர்பார்த்த விடை, ஆசிரியர் தோற்கிறார். பின்னர் அதே படத்தில் டி சிகாவே தோன்றி அந்தத் தந்திரத்தை விவரிக்கிறார்.

இரு விடைகளும் சரியே. தந்தைக்காக அழுத கண்ணீரும் நடிகனின் தந்திரத்தால் வந்த கண்ணீரும் திரையில் ஒரே கண்ணீர்தான். தொல்காப்பியர் எண்ணிய மெய்ப்பாடுகளில் நகையும் அழுகையும் முதலிரண்டாக அடுத்தடுத்து நிற்கின்றன. அவ்விரண்டும் ஒரே கலைஞனிடம் இருக்கலாகாது என்று எந்த இலக்கணமும் விதிக்கவில்லை.

மக்களிடம் செல்லும் கவிதை தரத்தில் தாழ்ந்தது என்றும், மக்களிடம் செல்லாமையே உயர்வுக்குச் சான்று என்றும் இரு தரப்பாகப் பிரிந்து வழக்காடும் கவிஞர்களுக்கு டி சிகாவின் வாழ்வு ஒரு செய்தி வைத்திருக்கிறது. அவர் மக்களைச் சிரிக்கவைத்தபோது கற்ற தொழிலைக் கொண்டே அவர்களுக்காக அழுதார். அவருடைய மிகச் சிறந்த படம் காலியான அரங்குகளில் ஓடியதற்கு அவர் மட்டுமே பொறுப்பல்லர். வராதவர்களுக்கும் அதில் பங்குண்டு. ஒரு கலைஞன் ஏன் இறங்கிவந்தான் என்று கேட்பவர்கள், அவன் உயரத்தில் நின்றபோது தாங்கள் எங்கே இருந்தோம் என்பதையும் கேட்டுக்கொள்வது நல்லது. இலக்கிய வட்டங்கள் பத்தாண்டுகள் தொடர்ந்து கூடுவதன் பயன்களுள் அதுவும் ஒன்று: ‘உம்பர்த்தோ டி’ போன்ற படைப்பு வரும் நாளில் அரங்கில் சில இருக்கைகளேனும் நிரம்பியிருக்கும்.