பாட்டியின் சொல்லும் பல்கலைக்கழக விண்ணப்பமும்

கரோல்பாகிலும் மாதுங்காவிலும் குடியிருக்கும் நம்மவர் இல்லங்களில், பிள்ளைகளின் மேற்படிப்பைப் பற்றிய பேச்சு முன்னெல்லாம் பொறியியல், மருத்துவம், கணக்கியல் என்ற மூன்றோடு முடிந்துவிடும். உளவியல் பயில விரும்புகிறேன் என்று சொல்லும் பிள்ளைகளை இப்பொழுது நாம் அடிக்கடி சந்திக்கிறோம். பெற்றோர் சிலர் திகைக்கிறார்கள். திகைப்பதற்கு ஒன்றுமில்லை, கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் இதற்கெனத் தனித்துறை 1916-ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது.

இத்துறையில் முனைவர் பட்டம் பெற அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிப்போர், மதிப்பெண் பட்டியலோடும் பரிந்துரைக் கடிதங்களோடும், தம்மைப் பற்றித் தாமே எழுதிய கட்டுரை ஒன்றையும் அனுப்ப வேண்டும். பெரும்பாலும் இரண்டு பக்கத்தில் அடங்கிவிடும் அக்கட்டுரையைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறோம்.

தில்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண் ஒருத்தி சென்ற ஆண்டு தன் கட்டுரையை நம்மிடம் கொண்டுவந்தாள். பதினான்காம் வயதில் தான் மனம் நொந்து உறக்கமின்றித் தவித்ததையும், மருந்துண்டு மெல்ல மீண்டதையும், அதனால் பிறர் துயர் துடைப்பதையே வாழ்வின் பணியாகக் கொண்டதையும் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். படித்தபோது நம் கண் கலங்கியது உண்மை. ஆயினும், இதை இப்படியே அனுப்ப வேண்டாம் என்றோம்.

அவள் முகம் வாடிற்று. "உண்மையை மறைக்கச் சொல்கிறீர்களா?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி. அதற்கு விடை காண, அக்கட்டுரையைப் படிப்பவர் யார் என்பதை முதலில் அறிதல் வேண்டும். அங்கே முனைவர் படிப்பு என்பது வெறும் வகுப்பறைக் கல்வியன்று. ஒரு பேராசிரியர் ஆண்டுக்கு ஒருவரையோ இருவரையோ தம் ஆய்வுக்கூடத்தில் சேர்த்துக்கொள்கிறார். சில ஆண்டு எவரையும் சேர்ப்பதில்லை. சேர்ந்தவரோ ஐந்தாறு ஆண்டுகள் அவருடன் உழைக்க வேண்டியவர். ஆகவே, "இவர் என்ன துன்பம் அடைந்தார்?" என்பதைவிட, "இவர் எதை ஆராய விரும்புகிறார், ஆராயும் வழி அறிந்தவரா?" என்பதையே அவர் தேடுகிறார்.

டிரூ ஆப்பிள்பி, கேரன் ஆப்பிள்பி என்னும் இருவர், உளவியல் துறைகளின் சேர்க்கைக் குழுத் தலைவர்களை வினவி, 2006-ல் ஓர் ஆய்வுரை வெளியிட்டனர். விண்ணப்பத்தைக் கெடுப்பவை எவை என்பதே வினா. தம் மனநோயை விரித்துரைத்தல், உலகையே உய்விக்கப் புறப்பட்டவர்போல் எழுதுதல், சேர விரும்பும் துறையைப் பற்றி அறியாதிருத்தல், மொழிப் பிழை ஆகியவை விடைகளில் இடம்பெற்றன. மனநோய் இழிவன்று என்று உலகுக்குப் போதிக்கும் துறையே இப்படித் தயங்குவது நமக்கு உவப்பாக இல்லை. ஆனால் ஒரு பெண்ணின் எதிர்காலத்தைப் பணயம் வைத்து அத்துறையோடு வாதாட நமக்கு உரிமையில்லை. உள்ள நிலையைச் சொன்னோம். முடிவு அவளுடையது என்றும் சொன்னோம்.

பிறகு கட்டுரையின் கடைசிப் பத்தியைப் பார்த்தோம். அங்கே அரை வரியில், மருத்துவமனையில் பாட்டிக்கு மொழிபெயர்த்ததாக ஒரு குறிப்பு இருந்தது. அது என்ன என்று கேட்டோம்.

தாத்தா காலமானபின் பாட்டியைக் கும்பகோணத்திலிருந்து தில்லிக்கு அழைத்து வந்திருந்தார்கள். "நெஞ்சைப் பிசையறது" என்று பாட்டி ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். மருத்துவரிடம் பேத்தி அதை, மார்பில் வலி என்று இந்தியில் சொன்னாள். இதயத்தைச் சோதித்தார்கள், பழுதில்லை என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். பாட்டி சொன்னது துக்கத்தை என்பது வீட்டில் உள்ளவர்களுக்கு விளங்க இரண்டு மாதம் ஆயிற்று. பின்னாளில் கல்லூரியில், மனச்சோர்வை அளக்கும் ஆங்கில வினாத்தாள் ஒன்றை இந்தியில் பெயர்த்து, அதனை வேறொருவரைக் கொண்டு மீண்டும் ஆங்கிலமாக்கி ஒப்பிடும் பணியில் தன் ஆசிரியைக்கு அவள் உதவியிருக்கிறாள். சொற்கள் வழியில் எங்கெங்கே நழுவுகின்றன என்று குறித்தும் வைத்திருக்கிறாள். இவ்வளவையும் விட்டுவிட்டுத்தான் அந்த ஒன்றரைப் பக்கத்தை எழுதியிருந்தாள்!

இதுதான் உன் கட்டுரை என்றோம். துயரைச் சொல்லும் மொழி மாறும்போது, அதை அளக்கும் கருவி பிழைபடுகிறதா? இது ஆராயத்தக்க கேள்வி. பிற மாநிலத்தில் வாழும் நம் பிள்ளைகள் வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி என்று வளர்வதால், இத்தகைய கேள்விகள் அவர்கள் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கின்றன. அதை அவர்கள் பொருட்படுத்துவதில்லை என்பதே நம் குறை.

அவள் திருத்தி எழுத ஆறு வாரம் ஆயிற்று. கேள்வி முன்னே வந்தது. தான் செய்த வேலையும், அதில் தவறியதும், தவறிலிருந்து தெரிந்துகொண்டதும் அடுத்து வந்தன. எந்தப் பேராசிரியரிடம் பயில விரும்பினாளோ, அவருடைய ஆய்வுரைகளைத் தேடிப் படித்து, தன் கேள்வி அவர் பணியோடு எங்கே சேர்கிறது என்று எழுதினாள். அவ்வாண்டு அவர் மாணவரைச் சேர்க்கிறாரா என்பதையும் துறையின் அறிவிப்பில் பார்த்துக்கொண்டாள். கட்டுரை ஒன்றையே பெயர் மாற்றிப் பத்து இடங்களுக்கு அனுப்புவோர் உண்டு. ஒரு பல்கலைக்கழகத்துக்குச் செல்ல வேண்டியதில் மற்றொன்றின் பெயர் நின்றுவிட்டதை நாமே கண்டிருக்கிறோம். கணிப்பொறியைக் கொண்டு எழுதுவித்தால் பிழை இராது, பாட்டியும் இரார்.

தன் நோயைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம் என்று அவளே தீர்மானித்தாள். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் வளாகங்கள் சில, ஆய்வு நோக்கத்தை ஒரு கட்டுரையிலும் வாழ்க்கைப் பின்னணியை மற்றொன்றிலும் கேட்கின்றன. அவ்விடங்களுக்கு மட்டும் பின்னணியைச் சுருக்கமாக எழுதினாள். விண்ணப்பங்களுக்குக் கடைசி நாள் பெரும்பாலும் டிசம்பரில் வந்துவிடுவதால், ஆகஸ்டிலேயே தொடங்கியது நன்மையாயிற்று.

இடையில் ஒரு சங்கடம். மத்திய சர்க்கார் அலுவலகத்தில் முப்பதாண்டு குறிப்பெழுதிப் பழகிய அவள் தந்தை, அன்போடு கட்டுரையைத் திருத்திக் கொடுத்தார். "நான் கேட்டேன்" என்றிருந்தவையெல்லாம் "கேட்கப்பட்டது" என்று ஆகிவிட்டன. அவர் மனம் நோகாமல் அவற்றைப் பழையபடி ஆக்க ஒரு மாலைப்பொழுது சென்றது.

அனுப்புவதற்கு முன் பாட்டிக்குப் படித்துக் காட்டித் தமிழில் பொருள் சொன்னாளாம். "பிசையறதுக்கு இங்கிலீஷிலே என்னன்னு போட்டே?" என்று பாட்டி கேட்டாள். அந்தச் சொல்லை அப்படியே தமிழ் ஒலியில் நிறுத்தி, பக்கத்தில் ஒரு வரி விளக்கம் எழுதியிருந்தாள் பேத்தி.