தங்கத் தூளும் தாயத்தும்
(காட்டுப்பள்ளிக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



காய்ச்சலைக் குணப்படுத்துவதைப் பற்றியல்ல, அதைக் கண்டுபிடிப்பதைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறோம். நம் ஜனங்களில் பலர், உடம்பு சுட்டவுடன் இது என்ன காய்ச்சல் என்று கேட்பதில்லை. எந்தத் தெய்வத்தின் கோபம் என்றுதான் கேட்கிறார்கள். வேப்பிலை அடித்து, கயிறு மந்திரித்துக் கட்டி, குறி கேட்டு முடிப்பதற்குள் மூன்று நான்கு நாள் ஓடிவிடுகிறது. வந்திருப்பது மூளையைத் தாக்கும் பால்சிபாரம் மலேரியாவாயிருந்தால் அந்த நாட்களிலேயே ஆள் போய்விடலாம்.

இதோ, நம் கையிலிருப்பது விரல் நீளமுள்ள ஒரு பட்டை. பெண்கள் கர்ப்பம் பார்த்துக்கொள்வதும், மலேரியா பார்ப்பதும், கொரோனாவுக்கு மூக்கில் குச்சி விட்டுப் பார்த்ததும் இந்த ஜாதிப் பட்டைகளால்தான். (பட்டையில் மட்டுந்தான் ஜாதி சொல்லுவோம்.) இதில் விழும் சிவப்புக் கோடு சாயமன்று, பெரும்பாலான பட்டைகளில் அது தங்கம்!

மஞ்சள் தங்கம் சிவப்பாவானேன் என்று கேட்பீர்கள். 1857-ல் லண்டனில் மைக்கேல் பாரடே என்பவர் தங்கத்தை மிக நுண்ணிய தூளாக்கி நீரில் நிற்கவைத்தார். நீர் மாதுளஞ்சாறுபோல் சிவந்தது. துகள் அவ்வளவு சிறிதாகும்போது அது வெளிச்சத்தோடு நடந்துகொள்ளும் விதமே மாறிவிடுகிறது. இந்தப் பாரடே கொல்லர் மகன், புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகியவர், கல்லூரியில் படித்தவரல்லர். பட்டையிலுள்ள துகள் சுமார் 40 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டருக்குள் இப்படி 25,000 துகள்களை வரிசையாக வைக்கலாம். ஒரு குந்துமணித் தங்கம் ஆயிரக்கணக்கான பட்டைகளுக்குப் போதும். தாலிக்கும் கலசத்துக்கும் போகிற தங்கத்தை நினைத்துப் பாருங்கள்!

வேலை செய்யும் விதம் இதுதான். ஒவ்வொரு துகளின்மேலும், குறிப்பிட்ட நோய்ப்பொருளை மட்டும் பிடிக்கும் எதிர்ப்பொருளை ஒட்டியிருக்கிறார்கள். மலேரியாப் பட்டையில் ஒரு சொட்டு ரத்தமும் கரைசலும் விட்டால், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் ஈரம் காகிதத்தில் ஏறித் துகள்களையும் இழுத்துச் செல்கிறது. ரத்தத்தில் கிருமியின் புரதம் இருந்தால் துகள் அதைப் பற்றிக்கொள்ளும். பட்டையின் நடுவே கோடாகப் பூசியுள்ள வேறொரு எதிர்ப்பொருள் அந்தப் புரதத்தைத் தானும் பிடித்து நிறுத்தும். அங்கே துகள் குவியக் குவியச் சிவப்புக் கோடு. அதைத் தாண்டியுள்ள இரண்டாவது கோடு எப்போதும் விழவேண்டும். விழாவிட்டால் பட்டை கெட்டுப்போனது, எறிந்துவிட வேண்டியது. தான் கெட்டிருப்பதைத் தானே சொல்லும் தாயத்து எங்காவது உண்டா?

ஆனால் பட்டையையும் கும்பிடச் சொல்லவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020 ஜூன் மாதம் கொரோனாப் பட்டைக்கு அனுமதி தந்தபோது, நோயுள்ளவர்களை அது கண்டுபிடிப்பது நூற்றுக்கு 50.6 முதல் 84 வரைதான் என்பதையும் கூடவே வெளியிட்டது. அதாவது நோயுள்ள நூறு பேரில் 16 பேராவது, சில சமயம் பாதிப்பேர்கூட, தப்பிவிடுவர். ஆகையால் அறிகுறி இருந்து கோடு விழாதவருக்கு ஆர்.டி.பி.சி.ஆர். சோதனை செய்யவேண்டுமென்றும் சொல்லிற்று. தன் தோல்விக் கணக்கைத் தானே அச்சிட்டுக் கொடுத்த பூசாரியை நாம் இதுவரை கண்டதில்லை. மலேரியாவிலும் அப்படியே. சில பட்டைகள் கிருமி செத்துச் சில வாரங்கள் வரைகூடக் கோடு காட்டும். சில கிருமிகளிடம் அந்தப் புரதமே கிடையாது. எனவே 1897-ல் சிக்கந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்ட அதே பூதக்கண்ணாடி இன்றும் தேவைப்படுகிறது.

இன்னொரு எச்சரிக்கை. 'நானோ' என்ற சொல்லை இப்போது காப்பிலும் மோதிரத்திலும் ஒட்டி, சர்வரோக நிவாரணி என்று விற்கிறார்கள். பழைய மந்திரத்துக்குப் புதுப் பெயர், அவ்வளவே.

இந்தத் துறைமுகப் பக்கத்தில் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து உழைக்கும் தோழர்கள் இருக்கிறார்கள். அவர்கள்தான் காய்ச்சலைக் கொண்டுவந்தார்கள் என்ற பேச்சு நம் காதில் விழுகிறது. அவர்கள் ஊர்களில் பால்சிபாரம் அதிகமென்பது மெய். ஆனால் அதை ஓர் உடம்பிலிருந்து இன்னோர் உடம்புக்குக் கொண்டுபோகும் கொசு நம் மாடித் தொட்டியிலும் மூடாத கிணற்றிலுமல்லவா வளர்கிறது? கொட்டகையில் படுத்திருப்பவரை விரட்டினால் அவர் காய்ச்சலை மறைப்பார். அவரை அழைத்துப்போய் ரத்தம் பார்க்கச் செய்தால் அவரும் பிழைப்பார், உங்கள் குழந்தையும் பிழைக்கும்.

கர்ப்பம் பார்க்கும் பட்டை இரண்டு கொண்டுவந்திருக்கிறோம். 'நிஸ்சய்' என்ற பெயரில் சர்க்காரே கிராமங்களில் கொடுப்பது இவ்வகைதான். ஒன்றில் வெறுந் தண்ணீரை விடப் போகிறோம். ஒரு கோடுதான் விழவேண்டும். பின்னாலிருக்கும் பெண்கள் முதலில் முன்னே வாருங்கள்.