சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்க

குடும்பத்தோட போக நல்ல பெரிய கார் வேணும். கையில இருக்கறதோ அளவான பணம். அப்படிப்பட்டவங்க கண்ணு பழைய டொயோட்டா கொரோலா ஆல்டிஸ் மேல போகும். 2020லேயே அதோட விற்பனை நம்ம நாட்டுல நின்னுபோச்சு. ஆனாலும் அது நல்ல தேர்வுதான்னு நான் சொல்வேன்.

நம்ம சேலம் சூரமங்கலத்துல ரயிலேறி சென்னைக்குப் போய் கார் பாக்கறவங்க 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 மிக்ஜாம் புயலையும் மறந்துடக் கூடாது. தண்ணியில நின்ன வண்டிக்கு மெழுகு தேய்ச்சாப் பளபளன்னு ஆயிடும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுங்க. உள்ளே சுருண்டிருந்த நாடாவுல சேத்துக் கறை தெரிஞ்சா, விலையே பேசாம வந்துடுங்க. தரைவிரிப்பைத் தூக்கி மோந்தும் பாருங்க.

உள்ளூர் வண்டின்னா விடியக்காலையில, இன்ஜின் ஆறியிருக்கும்போதே போய் ஸ்டார்ட் பண்ணணும். அப்புறம் நமக்குத்தான் ஏற்காடு இருக்கே! 20 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது இன்ஜின் சூடாகுதான்னு பாருங்க. இறங்கும்போது பிரேக்கைக் கவனிங்க. கூடவே ஒரு நல்ல மெக்கானிக்கையும் கூட்டிட்டுப் போங்க.

ஆர்.சி. புத்தகத்துல பேங்க் பேரு இருந்தா, கடன் தீர்ந்ததுக்கான 35ஆம் நம்பர் படிவத்தைப் பார்க்காம அட்வான்ஸ் கொடுக்காதீங்க. பேர் மாத்த 29, 30ஆம் படிவங்கள்ல விக்கறவர் கையெழுத்து வேணும். இன்சூரன்ஸையும் உங்க பேருக்கு மாத்தச் சொல்லி 14 நாளுக்குள்ள எழுதிக் கொடுத்துடுங்க.